தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் சொன்ன பிறகு

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மகனுக்கு ஏழு வயது, முதலாம் ஆண்டு படிக்கிறான். மூன்று மாதத்துக்கு முன் உங்கள் மாமனார் மாரடைப்பில் இறந்துபோனார். அன்று பையனை பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, காரியம் முடிந்த பிறகு அழைத்து வந்தீர்கள். "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று மாமியார் சொன்னார், நீங்களும் அதையே சொல்லி வந்தீர்கள். போன வாரம் வகுப்பில் ஒரு பையன், "உன் தாத்தா செத்துட்டாரு, எரிச்சிட்டாங்க, எங்கப்பா வந்து பார்த்தாரு" என்று சொல்லியிருக்கிறான். உங்கள் மகன் வீட்டுக்கு வந்து, "ஏம்மா பொய் சொன்னீங்க?" என்று கேட்டான். அன்றிலிருந்து நீங்கள் எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்கிறான். அவனுடைய வெகுளித்தனம் போய்விட்டதா, அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. சாவைப் பற்றித் தெரிந்துகொண்டது அவனைக் கெடுத்துவிட்டதா என்பது ஒன்று. அம்மா சொல்வதை அவன் பழையபடி நம்புவானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது, அது முடியக்கூடிய காரியம்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறைப் பக்கம் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து, பிறகு பல ஆண்டுகள் ஆலோசனை ஆசிரியையாக வேலை பார்த்தவள். குழந்தை உளவியல் படித்திருக்கிறேன், ஆனால் மருத்துவர் இல்லை. கீழே எழுதுவதில் ஆய்வுகள் சொல்வது எது, என் அனுபவத்தில் மட்டும் கண்டது எது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சாவு எப்போது புரிகிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 1948இல் மரியா நாகி என்பவர், ஹங்கேரியில் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளிடம் பேசி எழுதிய கட்டுரைதான் இதில் பழையது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் சாவை ஒரு பயணம்போல, தூக்கம்போல நினைக்கிறார்கள், போனவர் திரும்பி வருவார் என்று எண்ணுகிறார்கள் என்று அவர் கண்டார். ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் சாவை ஓர் ஆளாகக் கற்பனை செய்கிறார்கள் என்றும் எழுதினார். அந்த இரண்டாவது முடிவு மற்ற நாடுகளில் அவ்வளவாக உறுதிப்படவில்லை, அதை விட்டுவிடலாம். 1984இல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். செத்தவர் திரும்ப வரமாட்டார், செத்த உடம்பு எந்த வேலையும் செய்யாது, உயிருள்ள எல்லாமே ஒருநாள் சாகும் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன என்பது அவர்களுடைய முடிவு. உங்கள் மகன் சரியாக அந்த வயதில் நிற்கிறான். நான்கு வயதுப் பிள்ளையிடம் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொன்னால் அது அவன் மனதில் ஏற்கெனவே இருக்கிற எண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஏழு வயதில் ஒட்டாது.

ஒட்டவில்லை என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது வாரமே அவன், "தாத்தா கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டாரே, எப்படிப் பேப்பர் படிப்பாரு?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை வெகுளியான கேள்வி என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா தலையை மழித்திருக்கிறார், தாத்தா படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறது, பாட்டி மூலையில் உட்கார்ந்து அழுகிறார், யாரும் ஊருக்குப் போன் செய்து தாத்தாவோடு பேசவில்லை. இத்தனையும் அவன் கண்ணில் படாமல் இருக்குமா? கண்ணாடி பற்றிக் கேட்டபோது அவன் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தான் என்றுகூட நினைக்கிறேன். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வகுப்புப் பையன் சொன்னது அவனுக்கு முழுக்கப் புதிய செய்தியாக இருந்திருக்காது, அந்தப் பையன் அவனுடைய சந்தேகத்தைத்தான் உறுதி செய்தான். அதனால்தான் அவனுடைய முதல் கேள்வி "தாத்தா செத்துட்டாரா?" என்று வரவில்லை, "ஏன் பொய் சொன்னீங்க?" என்று வந்தது.

சாவைப் பற்றித் தெரிந்தால் பிள்ளை பயந்துவிடும் என்பது நம் வீடுகளில் பொதுவாக இருக்கும் நினைப்பு. 2007இல் ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா ஸ்லாட்டரும் மாயா கிரிஃபித்ஸும் நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். சாவை உடலோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமாகத் தெளிவாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சாவு பயம் குறைவாகவே இருந்தது. வயது வித்தியாசத்தையும், இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ள பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். ஒரே ஆய்வை வைத்துச் சட்டம் போட முடியாது, ஆனால் நான் பள்ளியில் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. பாட்டி "தூங்குகிறார்" என்று சொல்லப்பட்ட ஒரு சிறுமி, ராத்திரியில் கண்ணை மூடவே மறுத்தாள். வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்தபோதுதான் விஷயம் என்னிடம் வந்தது. "காய்ச்சல் வந்து செத்துட்டாரு" என்று மட்டும் கேட்ட இன்னொரு பையன், தங்கைக்கு உடம்பு சுட்டபோதெல்லாம் அலறினான். அரைகுறையாகச் சொன்னதை அந்தப் பிள்ளைகள் தாங்களே பூர்த்தி செய்துகொண்டார்கள், அதுதான் பயமாக மாறியது.

அடுத்தது நம்பிக்கை. யாரை நம்பலாம் என்று பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட மிகச் சீக்கிரமே கணக்கு வைக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் இரண்டு பெரியவர்களை உட்கார வைத்து, ஒருவர் பந்தைப் பந்து என்றும் இன்னொருவர் அதைச் சப்பாத்து (காலணி) என்றும் சொல்லச் செய்தார்கள். பிறகு தெரியாத ஒரு பொருளைக் காட்டி இருவரும் இரண்டு பெயர் சொன்னால், பிள்ளைகள் முன்பு சரியாகச் சொன்னவர் பக்கம்தான் சாய்கிறார்கள். கோயனிக், கிளெமென்ட், ஹாரிஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்டது இது. இன்னொன்று 2013இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் செய்தது. "கொஞ்சம் பொறு, நல்ல வண்ணப் பென்சில் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவர் சில பிள்ளைகளுக்குக் கொண்டு வந்து கொடுத்தார், சிலரிடம் "இல்லையாம், மன்னித்துக்கொள்" என்று வெறுங்கையோடு வந்து நின்றார். அப்புறம் இரண்டு குழுவுக்கும் ஒரு மிட்டாயைக் கொடுத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். ஆய்வில் இருந்தது 28 பிள்ளைகள் மட்டுமே, சிறிய ஆய்வுதான். ஆனாலும் பிள்ளையின் பொறுமை என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு பெரியவர்மேல் உள்ள நம்பிக்கை என்பதை அது கண்முன் காட்டுகிறது.

பெரியவர் பொய் சொன்னது தெரிந்தால் பிள்ளையும் பொய் சொல்லத் தொடங்குமா? 2014இல் ஹேஸ், கார்வர் செய்த சோதனையில், பெரியவரிடம் ஏமாந்த பள்ளி வயதுப் பிள்ளைகள், பார்க்காதே என்று சொன்ன பொம்மையைத் திரும்பிப் பார்த்ததும் பார்க்கவில்லை என்று சாதித்ததும் அதிகம். அதைவிடச் சிறிய பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில், பெய்பெய் செட்டோவும் கூட இருந்தவர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் பெற்றோர் நிறையப் பொய் சொன்னார்கள் என்று நினைவுகூர்ந்த இளைஞர்கள், வளர்ந்த பிறகு தாங்களும் பெற்றோரிடம் அதிகம் பொய் சொல்வதாகச் சொன்னார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, நினைவும் எப்போதும் சரியாக இருக்காது. ஒரே ஒரு பொய்யால், அதுவும் துக்கத்தில் சொன்ன பொய்யால், உங்கள் மகன் கெட்டுப்போவான் என்று இவற்றில் எதுவுமே சொல்லவில்லை.

இப்போது வெகுளித்தனத்துக்கு வருகிறேன், நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளிடம் நாம் எதைப் பார்த்து உருகுகிறோம்? மனதில் பட்டதை அப்படியே கேட்கிறார்கள், சொன்னதை நம்புகிறார்கள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் இல்லை, அழுதால் அழுகை, சிரித்தால் சிரிப்பு. இதில் எதற்காவது சாவைப் பற்றித் தெரியாமல் இருப்பது அவசியமா? யோசித்துப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு இப்படி ஒரு பொய் தெரியவந்திருந்தால் என்ன செய்திருப்பார்? வாயை மூடிக்கொண்டு, தெரியாததுபோல நடித்து, மனதுக்குள் வைத்திருப்பார். உங்கள் மகன் நேராக உங்கள் முன்னால் வந்து நின்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான். கேட்டால் அம்மா பதில் சொல்வார் என்று இன்னும் நம்புகிறான். அவனுடைய வெகுளித்தனம் அந்தக் கேள்வியில் முழுசாக இருக்கிறது. "நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படித்தான், அவன் இன்னும் உங்களைச் சோதித்துப் பார்க்கத் தயாராக இருக்கிறான். எனக்குக் கவலை தந்த பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டவர்கள். அவர்கள் நல்ல பிள்ளைகளாக, அமைதியாக இருப்பார்கள், வீட்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கணவரை இழந்தவர் அவர். "செத்துட்டார்" என்ற சொல்லைப் பேரனிடம் அவர் வாயால் சொல்ல முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. "ஊருக்குப் போயிருக்கிறார்" என்பது பேரனுக்கு மட்டும் சொன்னதாக இருக்காது, அவருக்கும் அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்கும். நம் ஆட்களிடம் அந்த வாசகத்துக்கு ஒரு பழைய கனமும் உண்டு. ரஜூலா, அதற்குப் பிறகு சிதம்பரம் என்று பினாங்குக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பிய தாத்தாக்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, கடிதம் மட்டும் வந்தவர்களும் உண்டு, அதுவும் நின்றுபோனவர்களும் உண்டு. அந்தக் காலத்தைக் கண்ட ஒருவர் வாயில் அது சட்டென்று வருவது எனக்குப் புரிகிறது. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று அவர் சொல்வதிலும் ஒரு பாதி சரி. எல்லாவற்றையும் பிள்ளையிடம் கொட்ட வேண்டியதில்லை. மருத்துவமனையில் கடைசி மணிநேரத்தில் என்ன நடந்தது, காரியச் செலவில் அண்ணன் தம்பிக்குள் என்ன பேச்சு வந்தது, இதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. "அதை நீ பெரியவனானதும் சொல்கிறேன்" என்று சொல்வது பொய் ஆகாது. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வதுதான் பிரச்சினை.

பிள்ளைகளை ஒதுக்கி வைப்பது நம் மரபு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி முழுக்கச் சொல்ல முடியாது. நெய்ப்பந்தம் பிடிப்பது யார்? பேரப்பிள்ளைகள். தாத்தாவின் உடலைச் சுற்றிப் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சடங்கு, உனக்கும் இதில் பங்கு உண்டு என்று பிள்ளைக்குச் சொல்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு விழுந்தால் மொத்த லயத்துக்கும் தெரியும், பிள்ளைகள் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையைக் காரில் ஏற்றி இன்னொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) விட்டுவருவது நம் தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம் இல்லை, அடுக்குமாடிக்கு வந்த பிறகுதான் அது நமக்குச் சுலபமாகிவிட்டது என்பது என் கருத்து. உங்கள் ஊரில் பார்த்தாலே தெரியும், ஏப்ரல் வந்தால் சீனக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு கல்லறையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள், நோன்புப் பெருநாள் காலையில் மலாய்க் குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கபுருக்கு (அடக்கத் தலத்துக்கு) போகிறார்கள். உங்கள் மகன் அந்த வீட்டுப் பிள்ளைகளோடுதான் வளர்கிறான், சாவைப் பற்றி அவர்கள் சொல்வதும் அவன் காதில் விழும்.

சரி, எப்படிச் சொல்வது? இந்த வார இறுதியில், பள்ளிப் பாடம் இல்லாத நேரமாகப் பார்த்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்காருங்கள். இறந்தது அவருடைய அப்பா, அவர் வாயிலிருந்தும் ஏதாவது வர வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்: "தம்பி, தாத்தா செத்துட்டாரு. அவர் நெஞ்சு ரத்தத்த ஓட வைக்கிற வேலைய நிறுத்திடுச்சு. டாக்டருங்க முயற்சி பண்ணாங்க, முடியல. உன்கிட்ட ஊருக்குப் போயிருக்காருன்னு சொன்னோம், அது உண்மை இல்ல. நாங்க ரொம்ப அழுதுகிட்டு இருந்தோம், உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடு." அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், உன் நல்லதுக்குத்தான் சொன்னோம் என்ற வாலும் வேண்டாம், அது மன்னிப்பைப் பாதியாக்கிவிடும். "இறைவனடி சேர்ந்தார்", "காலமானார்" என்பதெல்லாம் இரங்கல் விளம்பரத்துக்குச் சரி, ஏழு வயதுக்குச் "செத்துட்டாரு" என்ற சொல்தான் புரியும். கேட்க நமக்குத்தான் கூசும்.

அப்புறம் கேள்விகள் வரும், உடனே வராவிட்டாலும் இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது வரும். "எரிச்சப்ப தாத்தாவுக்கு வலிச்சிருக்குமா?" என்று பெரும்பாலும் கேட்பான், தகனத்தைப் பற்றி இன்னொரு பிள்ளையிடம் கேள்விப்பட்ட எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டது இதுதான். செத்த உடம்புக்கு வலி தெரியாது, குளிர் தெரியாது, பசி தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இன்னொன்று, "நீங்களும் செத்துடுவீங்களா?" ஒருபோதும் மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள், அது அடுத்த பொய். "எல்லாரும் ஒருநாள் சாவாங்க, ஆனா அம்மா நல்லா இருக்கேன், நீ பெரிய ஆளாகி வேலைக்குப் போற வரைக்கும் இன்னும் ரொம்ப நாள் இருப்பேன்னு நெனைக்கிறேன். எது நடந்தாலும் உன்னப் பார்த்துக்க ஆள் இருக்காங்க" என்று சொல்லி, யார் யார் என்று பெயர் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குள் அவன் தேடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். மூன்றாவது கேள்வியை அவன் கேட்கவே மாட்டான், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் நினைத்ததாலோ திட்டியதாலோ ஒன்று நடந்துவிட்டது என்று உள்ளுக்குள் நம்புவது உண்டு. தாத்தாவோடு எப்போதாவது சண்டை போட்டிருப்பான், கைப்பேசியைப் பிடுங்கினார் என்று கோபப்பட்டிருப்பான். "நீ செஞ்ச எதனாலயும் தாத்தா சாகல" என்று தெளிவாக ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

தாத்தா சாமியிடம் போய்விட்டார் என்று சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அதை நம்பினால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் "செத்துட்டார்" என்று சொன்ன பிறகு. அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டாம். இது பிள்ளையைக் குழப்பும் என்று முன்பு நானும் யோசித்ததுண்டு. 2005இல் ஹாரிஸ், ஹிமேனெஸ் இருவரும் ஸ்பெயினில் ஏழு வயது, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பாட்டியோ தாத்தாவோ இறந்த கதையை இரண்டு விதமாகச் சொன்னார்கள், ஒன்றில் மருத்துவர் வருவார், மற்றதில் பாதிரியார் வருவார். மருத்துவர் வரும் கதையில் எல்லாம் நின்றுவிட்டது என்ற பிள்ளைகள், பாதிரியார் வரும் கதையில் மனம், நினைவு போன்றவை தொடர்வதாக அதிகம் சொன்னார்கள், பெரிய பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதலாக இருந்தது. மடகாஸ்கர் மீனவக் குடும்பங்களிலும் ரீட்டா அஸ்துத்தி இதுபோன்றே கண்டிருக்கிறார். உடல் நின்றுவிட்டது என்பதையும், தாத்தா ஏதோ ஒரு வகையில் இருக்கிறார் என்பதையும் மனிதர்கள் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள், நாமும் அப்படித்தானே? தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த இப்படியோர் ஆய்வை நான் படித்ததில்லை, ஆனால் நம் வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடுகிறோம். செத்தவர் சாப்பிடமாட்டார் என்று தெரிந்தே இலை போடுகிறோம். இந்தத் தீபாவளிக்கு தாத்தாவுக்கு எது பிடிக்கும் என்று அவனிடமே கேட்டு, அவன் கையால் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்கும் அவனோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

நம்பிக்கை திரும்பிவருவது அந்த ஒரு பேச்சில் நடந்துவிடாது. ஆறரை மணிக்கு வருகிறேன் என்றால் ஆறரைக்கு வருவது, கடைக்குப் போகிறேன் என்றால் கடைக்கே போவது, ஊசி வலிக்குமா என்றால் கொஞ்சம் வலிக்கும் என்று சொல்வது, இப்படிச் சில்லறை விஷயங்களில்தான் அது வரும். "நிஜமாவா?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் "நிஜம்தான்" என்று சொல்லுங்கள், அந்தக் கேள்வி தானாகக் குறைந்துவிடும். வீட்டில் நடக்கும் மற்ற சின்னப் பொய்களையும் அவன் இப்போது உன்னிப்பாகக் கவனிப்பான். "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று அவனையே வாசலுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால், கொஞ்ச காலத்துக்காவது அதை நிறுத்துங்கள். இனி வரப்போகும் பாடங்களும் இருக்கின்றன. பிறந்தநாளுக்குக் கூப்பிடாத நண்பன், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் பிள்ளை, இந்த மாதம் கையில் காசு இல்லை என்ற நிலைமை, எல்லாம் வரிசையாக வரும். எதையும் உங்களால் தடுக்க முடியாது, முதலில் உங்களிடம் வந்து கேட்கும் பழக்கத்தை மட்டும் காப்பாற்ற முடியும்.

அந்த வகுப்புப் பையனின் அம்மாவிடம் பேசலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அவன் கேள்விப்பட்டதை அவனுக்குத் தெரிந்த விதத்தில் சொன்னான், கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவனைத் திட்டினால், உண்மையைச் சொன்னவன் அடி வாங்குவான் என்ற பாடம்தான் இரண்டு பையன்களுக்கும் போய்ச் சேரும். வகுப்பாசிரியரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவையுங்கள். குடும்பத்தைப் பற்றிய கட்டுரை, தாத்தா பாட்டி படம் வரைவது என்று ஏதாவது வந்தால் அவர் கொஞ்சம் கவனித்துக்கொள்வார்.

உங்கள் மகனை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் இதையும் சொல்ல வேண்டும். இந்த வயதில் துக்கம் தொடர்ச்சியாக இருக்காது. பத்து நிமிடம் அழுதுவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுவான், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்பான். அது இயல்பு, மனதில் பாசம் இல்லை என்று பாட்டி வருத்தப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் படுக்கையை நனைப்பது, உங்களை விட்டு நகராமல் இருப்பது, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்பது போன்றவையும் வரலாம். ஆனால் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் சரியாகாமல் இருந்தால், விளையாட்டே நின்றுபோனால், பள்ளிக்குப் போகவே மறுத்தால் காத்திருக்காதீர்கள். பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், விஷயத்தைச் சொன்னால், தேவைப்பட்டால் பொது மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். "நானும் தாத்தாகிட்ட போகணும்" என்று சொன்னால், பெரும்பாலும் அது ஏக்கம்தான். இருந்தாலும் அப்படியே விடாமல், "போய் என்ன செய்யணும்னு தோணுது?" என்று மெதுவாகக் கேளுங்கள். தாத்தாவோடு விளையாட வேண்டும் என்று சொல்வதற்கும், தன்னை எதுவோ செய்துகொள்வதாகப் பேசுவதற்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். இரண்டாவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தால், அரசாங்கத்தின் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

அஸ்தி கரைத்த இடத்துக்கு அவனை அழைத்துப் போகலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, இந்த வயதில் போகலாம், போகக்கூடாது என்று உறுதியாகச் சொல்ல ஆய்வு எதையும் ஆதாரமாகக் காட்ட மாட்டேன், என் அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். அங்கே என்ன இருக்கும், அன்று என்ன செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, வருகிறாயா என்று அவனிடமே கேளுங்கள். வருகிறேன் என்றால் அப்பாவோடு போகட்டும், பூ வேண்டுமா என்று கேட்டு அவன் கையிலேயே கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், ஆண்டுத் திதி வரும்போது மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.